நடுவயதில் ஓராண்டு வேலையை நிறுத்தி வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தனியார் நிறுவனத்தில் பதினைந்து, இருபது ஆண்டு உழைத்துவிட்டு, நாற்பதை ஒட்டியோ தாண்டியோ, ஆறு மாதமோ ஒரு வருடமோ வேண்டுமென்றே வேலையிலிருந்து விலகி நிற்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. வரி, வட்டிக் கணக்குகள் 2025-26 நிதியாண்டை வைத்துப் போட்டவை.

காப்பீட்டு நிறுவனமும் வங்கியும் நம்புவது சம்பளச் சீட்டை. அது நின்ற மறுநாள் அதே ஆள், அதே சேமிப்பு, ஆனால் பல கதவுகள் சாத்திவிடும். கீழே உள்ள பதில்களில் பாதி, அந்தக் கதவுகள் திறந்திருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள். குறைந்தது ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

ராஜினாமா செய்வதா, நிறுவனத்திடமே நீண்ட விடுப்பு கேட்பதா?

முதலில் விடுப்பு கேட்டுப் பாருங்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் சபாட்டிக்கல் என்ற பெயரில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு உண்டு. பணியாளர் கையேட்டில் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும், யாரும் தேடுவதில்லை. மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசி முடித்துக்கொண்டு கிளம்பாதீர்கள். மேலாளர் மாறிப் போவார், பேச்சும் அவரோடு போய்விடும். ஹெச்.ஆர். தரும் கடிதத்தில் ஐந்து விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: பணித் தொடர்ச்சி அறுபடாது என்பது, குழு மருத்துவக் காப்பீடு தொடருமா, அதன் பிரீமியத்தை யார் கட்டுவது என்பது, திரும்பும்போது அதே நிலையிலும் சம்பளத்திலும் இடம் உண்டா என்பது, விடுப்பில் இருக்கும்போதே ராஜினாமா செய்தால் நோட்டீஸ் காலச் சம்பளம் கட்ட வேண்டுமா என்பது, இடையில் வேறு வேலை எடுக்கலாமா என்பது.

மூன்றாவது விஷயத்துக்கு "அப்போதைய காலியிடத்தைப் பொறுத்து" என்று மட்டும் பதில் வந்தால், அதை ராஜினாமாவாகவே நினைத்துப் பணம் சேருங்கள். காப்பீடு தொடர்கிறது என்ற ஒரே லாபம் மிஞ்சும், அதுவும் சின்ன லாபம் இல்லை.

கையில் எவ்வளவு பணம் இருக்க வேண்டும்?

"ஆறு மாதச் செலவு" என்ற பொதுவான கணக்கு இங்கே உதவாது. மாதச் செலவைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்வது மளிகை, பால், பெட்ரோல், இ.எம்.ஐ. மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை வருபவைதான் ஆளைச் சாய்ப்பவை. கடந்த 12 மாத வங்கிக் கணக்கு அறிக்கையையும் கிரெடிட் கார்டு பில்களையும் எடுத்து வைத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள்.

கோயம்புத்தூரில் இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் தவணை உட்பட மாதச் செலவு 58,000 ரூபாய். ஆண்டுச் செலவுகள்: பள்ளிக் கட்டணம் 1,60,000, வண்டிகளின் காப்பீடு 22,000, மருத்துவக் காப்பீடு 38,000, ஆயுள் காப்பீடு 30,000, சொத்து வரி 8,000, தீபாவளியும் பொங்கலும் 40,000, மொய், சீர், வளைகாப்பு வகையில் 50,000, ஊர்ப் பயணம் 12,000. கூட்டினால் 3,60,000, அதாவது மாதம் 30,000. ஆக உண்மையான மாதச் செலவு 88,000.

ஓராண்டு இடைவெளிக்கு 10,56,000. அதோடு வேலை தேட ஆறு மாதம், 5,28,000. இதைக் குறைக்காதீர்கள்: நாற்பதுக்கு மேல் நேர்காணல் சுற்றுகள் நீளும், சேர்ந்த பிறகும் முதல் சம்பளம் வர ஒரு மாதமாவது ஆகும். எதிர்பாராத செலவுக்கு 3,00,000. மொத்தம் 18,84,000. கணவனோ மனைவியோ சம்பாதிப்பவராக இருந்து, கைக்கு வருவது மாதம் 35,000 என்றால் 18 மாதத்துக்கு 6,30,000 கழியும். மீதி 12,54,000.

மொய்ச் செலவைப் பலர் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கியது நோட்டில் இருக்கிறது. திருப்பிச் செய்யும் ஆண்டு உங்கள் வசதி பார்த்து வராது. மொய் நோட்டை எடுத்து, அடுத்த பதினெட்டு மாதத்தில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பணத்தை எங்கே வைப்பது?

மூன்று மாதச் செலவு சேமிப்புக் கணக்கில். மீதியை மூன்று மாதத்துக்கு ஒன்று முதிரும்படி ஐந்தாறு வைப்புத் தொகையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் உள்ள வைப்புகளுக்கு முதலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்புறுதி, ஆகையால் இரண்டு மூன்று வங்கிகளில் பரப்புவது நல்லது. பங்குச் சந்தையில் உள்ளதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சந்தை விழும் காலத்தில்தான் வேலையும் கிடைக்காது, இரண்டும் சேர்ந்தே வரும்.

ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி குறிப்பிட்ட தொகை மட்டும் வீட்டுச் செலவுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள். முழுத் தொகையும் ஒரே கணக்கில் தெரிந்துகொண்டிருந்தால் முதல் நான்கு மாதம் தாராளமாகவும் கடைசி நான்கு மாதம் பயத்திலும் போகும்.

பிரேக் எடுக்கும் முன் வீட்டுக்கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாமா?

பெரும்பாலோருக்குத் தோன்றும் யோசனை இதுதான், பெரும்பாலும் தவறு. 30 லட்சம் பாக்கி, 8.5 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் தவணை சுமார் 29,540. கையிலிருந்து 5 லட்சம் கட்டித் தவணையைக் குறைக்கச் சொன்னால் அது சுமார் 24,620 ஆகும். மாதம் 5,000கூடக் குறையவில்லை. அதே 5 லட்சம் கையில் இருந்தால் கிட்டத்தட்ட 17 மாதத் தவணையைக் கட்டிவிடும். கட்டிய பணத்தைத் தேவைப்படும்போது வங்கியிடம் திருப்பிக் கேட்க முடியாது, வேலையில்லாதவருக்குப் புதுக் கடனும் கிடைக்காது. சம்பளம் வரும் காலத்தில் முன்கூட்டி அடைப்பது நல்ல பழக்கம். பிரேக்குக்கு முந்தைய ஆண்டில் மட்டும் அதை நிறுத்தி வையுங்கள்.

தனிநபர் கடன், கார்டு பாக்கி வேறு விஷயம். கார்டு பாக்கிக்கு வட்டி ஆண்டுக்கு 36 முதல் 42 சதவீதம் வரை போகும். அவற்றை முழுக்க முடிக்காமல் ராஜினாமா கடிதம் எழுத வேண்டாம்.

ஏலச்சீட்டு, நகைச்சீட்டு போட்டிருக்கிறேன். என்ன செய்வது?

எடுக்காத சீட்டு உங்களுக்குச் சொத்து, எடுத்துவிட்ட சீட்டு கடன். எடுத்த சீட்டின் மீதித் தவணைகளை மேலே சொன்ன மாதச் செலவில் சேருங்கள். எடுக்காமல் வைத்திருந்தால், வேலையில் இருக்கும்போதே ஏலத்தில் எடுப்பது சுலபம். பதிவு பெற்ற சீட்டு நிறுவனங்கள் பணம் தருமுன் சம்பளதாரர் ஜாமீன் கேட்பார்கள், உங்கள் வருமானத்தையும் பார்ப்பார்கள்.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்கள் 11 மாதத்தோடு முடிபவை. இடையில் தவணை விட்டால் சலுகை போய்விடும். அது முடியும் மாதத்தைப் பார்த்துப் புதிதாகச் சேராமல் இருந்தால் போதும்.

நீங்கள் யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அவர் கட்டாவிட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். கையில் மொத்தமாகப் பணம் வைத்திருக்கும் ஆண்டில் உறவில் கைமாற்றுக் கேட்பவர்களும் வருவார்கள். "எல்லாம் டெபாசிட்டில் பூட்டியிருக்கிறது" என்பது உண்மையான பதில், அதைச் சொல்லப் பழகுங்கள்.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு போய்விடுமே, எப்போது சொந்தப் பாலிசி எடுக்க வேண்டும்?

இன்றைக்கே. முடிந்தால் பிரேக்குக்கு மூன்று ஆண்டு முன்பே. இது மிகையாகத் தோன்றலாம், காரணம் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குப் புதுப் பாலிசியில் 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். குடலிறக்கம், கண்புரை, மூட்டு மாற்று போன்ற சிலவற்றுக்குத் தனிக் காத்திருப்பு, பொதுவாக 2 ஆண்டு. விபத்து தவிர மற்றதற்கெல்லாம் முதல் 30 நாள் எதுவும் கிடைக்காது. கடைசி வேலை நாளுக்கு மறுநாள் பாலிசி எடுத்தால் பிரேக் முழுவதும் காத்திருப்பிலேயே கழியும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. நிறுவனத்தின் குழுப் பாலிசி எந்தக் காப்பீட்டு நிறுவனத்துடையதோ அதனிடமே தனிநபர் பாலிசிக்கு மாற்றிக் கேட்கலாம். குழுவில் இருந்த ஆண்டுகள், அங்கே இருந்த காப்புத் தொகை வரை, காத்திருப்பில் கழிக்கப்படும். பிறகு வேண்டுமானால் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், அதற்குப் புதுப்பிப்புத் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிப்பது பாதுகாப்பு. இந்த மாற்றத்தைக் கேட்க வேண்டியது நோட்டீஸ் காலத்தில். வெளியே வந்தபின் கேட்டால் "உங்கள் பெயர் குழுவில் இல்லை" என்பார்கள், அத்தோடு முடிந்தது.

விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள். பிரீமியம் சில ஆயிரம் கூடும், அவ்வளவுதான். மறைத்தது சிகிச்சையின்போது தெரியவந்தால் முழுத் தொகையும் மறுக்கப்படும். 60 மாதம் தொடர்ந்து பாலிசி நடந்தபின் மோசடி நிரூபணமானால் தவிர மறுக்க முடியாது என்பது விதி, ஆனால் ஆபத்து வருவது அதற்கு முன்பாகவும் இருக்கலாம்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். 5 லட்சம் பாலிசியில் அறைக்கு நாளொன்றுக்கு 1 சதவீதம் என்றிருந்தால் 5,000 ரூபாய். நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால் அறை வாடகை மட்டும் வெட்டுப்படாது. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் என்று அதோடு சேர்ந்தவையும் அதே விகிதத்தில் பாதியாகும். வரம்பு இல்லாத பாலிசியே மேல். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடிக்க வேண்டியவை வேறு என்ன?

டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு, முதலில். வருமானச் சான்று இல்லாமல் பெரிய தொகைக்குக் கொடுக்க மாட்டார்கள். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் நியமனதாரருக்குக் கிடைக்கும் 7 லட்சம் வரையிலான காப்பீடும், நிறுவனம் எடுத்திருந்த குழு ஆயுள் காப்பீடும் வேலையோடு போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிறகு விபத்துக் காப்பீடு. கட்டணமில்லாத கிரெடிட் கார்டு ஒன்று, கடன் வாங்க அல்ல, மருத்துவமனை முன்பணத்துக்கு. பிள்ளை கல்லூரிக்குப் போகும் ஆண்டாக இருந்தால் கல்விக் கடனுக்கு நீங்கள்தான் இணைக் கடன்தாரர், உங்கள் வருமானத்தைக் கேட்பார்கள். பொதுவாகச் சொன்னால் பிள்ளையின் 12ஆம் வகுப்பு ஆண்டில் பிரேக் வேண்டாம். அந்த ஆண்டு செலவும் பதற்றமும் ஒன்றாக வரும்.

சம்பளக் கணக்கு சில மாதங்களில் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறும், குறைந்தபட்ச இருப்பு இல்லையென்றால் அபராதம் பிடிப்பார்கள். தவணைகள் அந்தக் கணக்கிலிருந்து போனால் இதைக் கவனியுங்கள்.

எந்த மாதத்தில் வேலையை விடுவது லாபம்?

நான்கு தேதிகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போனஸ் கையில் வரும் தேதி: பணம் தரும் நாளில் பட்டியலில் இருப்பவர்களுக்கே தருவது பல நிறுவனங்களின் வழக்கம், நோட்டீஸ் கொடுத்தவர்களையே தள்ளிவிடும் இடங்களும் உண்டு. நிறுவனம் தரும் பங்கு ஒதுக்கீடு இருந்தால் அது உங்கள் பெயருக்கு வரும் தேதி. நோட்டீஸ் காலம் முடியும் தேதி. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தகுதி பெறும் தேதி.

கிராஜுவிட்டிக்கு நிரந்தரப் பணியாளர் 5 ஆண்டு முடித்திருக்க வேண்டும். 4 ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது, ஆனாலும் வழக்காடி வாங்குவதைவிடச் சில வாரம் பொறுப்பது மேல். கணக்கு எளிது: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்குங்கள். 52,000 ரூபாய்க்கு 11 ஆண்டு என்றால் 3,30,000. 20 லட்சம் வரை வரி இல்லை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதி முழு ஆண்டாகக் கணக்காகும், ஆகையால் 11 ஆண்டு 5 மாதத்தில் விடுவதும் 11 ஆண்டு 7 மாதத்தில் விடுவதும் ஒன்றல்ல.

இனி வரி. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் உள்ளவர் ஏப்ரல் முதல் மார்ச் வரை பிரேக் எடுத்தால், வேலை பார்த்த ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 1,50,800 ரூபாய் வரி, பிரேக் ஆண்டுக்கு வரி இல்லை. அதே ஆள் அக்டோபரில் தொடங்கி அடுத்த செப்டம்பரில் முடித்தால், இரண்டு நிதியாண்டிலும் வருமானம் தலா 9 லட்சம். சம்பளதாரருக்கான நிலைக் கழிவு 75,000 போக 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரித் தள்ளுபடி முழுமையாகக் கிடைத்து, விகிதம் மாறாதவரை, இரண்டு ஆண்டும் வரி பூஜ்யம். ஒன்றரை லட்சம் மிச்சம், அதாவது மேலே சொன்ன குடும்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதச் செலவு. ஏப்ரலிலிருந்தே நிறுவனம் முழு ஆண்டுச் சம்பளத்தை வைத்து வரி பிடித்துக்கொண்டிருக்கும். கடைசி நாள் முடிவானதும் மதிப்பீட்டைத் திருத்தச் சொல்லுங்கள். திருத்தாவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், ஆனால் அந்தப் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும்.

எடுக்காத விடுப்புக்கான பணம் வேலையை விடும்போது வாங்கினால் வாழ்நாளில் மொத்தம் 25 லட்சம் வரை, பத்து மாதச் சராசரிச் சம்பளம் போன்ற உள்வரம்புகளுக்கு உட்பட்டு, வரிவிலக்கு. வேலையில் இருக்கும்போதே பணமாக்கினால் முழுக்க வரி. ஆகவே கடைசி ஆண்டில் விடுப்பை விற்காதீர்கள்.

பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவு செய்யலாமா?

வேண்டாம். பிரேக்குக்கான பணக் கணக்கில் பி.எஃப். வரவே கூடாது. 2024-25இன் வட்டி 8.25 சதவீதம். அதே விகிதம் நீடித்தால் இன்றைய 10 லட்சம் 15 ஆண்டில் 32 லட்சத்தைத் தாண்டும். மூன்றாண்டு பணம் போடாவிட்டால் வட்டி நின்றுவிடும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். நாற்பதுகளில் வேலையை விட்டவருக்கு 58 வயது வரை வட்டி சேரும். வேலையில் இல்லாத காலத்து வட்டிக்கு மட்டும் வரி உண்டு, அந்த ஆண்டு வருமானத்தில் அதைக் காட்டுங்கள்.

பி.எஃப்.இன் ஓய்வூதியப் பகுதியில் இன்னும் கவனம் தேவை. மொத்தம் 10 ஆண்டு பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம். 8 ஆண்டு முடித்தவர் அவசரப்பட்டு அதை எடுத்துவிட்டால் அந்த 8 ஆண்டும் அழிந்து, அடுத்த வேலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுக்காமல் விட்டாலோ, அதுவரையான பணியாண்டுகளைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தாலோ அடுத்த வேலையின் ஆண்டுகள் அதோடு சேரும்.

பி.பி.எஃப். கணக்கில் ஆண்டுக்கு 500 ரூபாயும், செல்வமகள் கணக்கில் 250 ரூபாயும், என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) முதல் நிலைக் கணக்கில் 1,000 ரூபாயும் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.

வருமானமே இல்லாத நிதியாண்டில் வரி விஷயத்தில் செய்யத்தக்கது ஏதாவது உண்டா?

உண்டு. பங்கு, பங்குசார் மியூச்சுவல் ஃபண்டுகளில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து வந்த லாபத்தில் 1,25,000 வரை எப்படியும் வரி இல்லை. வேறு வருமானம் இல்லாத உள்நாட்டுவாசிக்கு 4 லட்சம் அடிப்படை விலக்கும் அதன்மேல் பொருந்தும். ஆக, 5,25,000 வரை லாபத்தை எடுத்து, விரும்பினால் மறுபடி முதலீடு செய்துகொள்ளலாம். வங்கி வட்டி வந்தால் அந்த அளவு 4 லட்சத்தில் குறையும். 12 லட்சத் தள்ளுபடி இந்த லாபத்துக்குப் பொருந்தாது, அதை நம்பி அதிகம் விற்காதீர்கள். வங்கியில் ஆண்டு வட்டி 50,000 தாண்டினால் வரி பிடிப்பார்கள், நிதியாண்டுத் தொடக்கத்திலேயே வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிடுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள்?

ராஜினாமா என்ற சொல்லையே எழுதாதீர்கள். ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வராது. ஊதியமில்லா அசாதாரண விடுப்பு இருக்கிறது, மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குப் பணிக்காலம் முழுதும் சேர்த்து 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பும் இருக்கிறது. அனுமதி எழுத்தில் வரும் முன் பணிக்கு வராமல் நின்றால் அது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியும்.

வீட்டில் எப்படிச் சொல்வது? ஊரில் கேட்பவர்களுக்கு என்ன பதில்?

கணவனிடமோ மனைவியிடமோ முதலில் காரணத்தைச் சொல்லாதீர்கள், கணக்கைக் காட்டுங்கள். எந்த மாதம் எந்த வைப்பு முதிர்கிறது, எந்தத் தேதியில் வேலை தேடத் தொடங்குவீர்கள், இருப்பு எவ்வளவுக்குக் கீழே போனால் திட்டத்தைக் கைவிடுவீர்கள், இந்த மூன்றும் ஒரே தாளில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். அந்தக் கடைசி எண்ணை இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். மேலே சொன்ன கணக்கில் அது ஆறு மாதச் செலவு.

பெற்றோருக்கு "வேலையை விட்டுவிட்டேன்" என்ற வாக்கியம் இடி மாதிரி விழும். வேலை போய்விட்டதை மறைக்கிறான் என்றுதான் முதலில் நினைப்பார்கள். திரும்பும் மாதத்தைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். ஊராருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "ஒரு வருஷம் லீவு போட்டிருக்கேன், அடுத்த ஐப்பசியில சேர்றேன்" போதும். மாதத்தைச் சொன்னால் அடுத்த கேள்வி வருவது குறைகிறது. பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள். பள்ளிக் கட்டணம் தனியாக எடுத்து வைத்தாயிற்று என்று தெரிந்தால் அவர்கள் பயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிரேக் எங்கே கெட்டுப் போகிறது?

பணத்தில் கெடுவதைவிட நேரத்தில் கெடுவது அதிகம். முதல் ஆறு வாரம் தூக்கத்தில் போகும், போகட்டும், உடம்பு கேட்பது அது. அதன்பின் "நீ சும்மாதானே இருக்கே" என்ற வாக்கியம் தொடங்கும். ஆண் என்றால் தாலுகா அலுவலக அலைச்சல், உறவினரின் மருத்துவமனைத் துணை, கல்யாண மண்டபம் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். பெண் என்றால் நிலைமை இன்னும் கடுமை. வேலைக்காரம்மாவை நிறுத்திவிடலாம், டியூஷனை நிறுத்திவிடலாம் என்று வீடு தானாகவே தீர்மானிக்கும், இரண்டு மாதத்தில் அவர் விட்டு வந்த வேலையைவிட நீளமான வேலை நாள் அமைந்துவிடும்.

ஆகையால் வீட்டு உதவியை நிறுத்திச் சிக்கனம் செய்யாதீர்கள், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். காலையில் மூன்று மணி நேரம் வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் இருப்பது பெரிய பாதுகாப்பு. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம். கட்டணமின்றி உட்கார்ந்து படிக்கலாம், எழுதலாம். ஆள் வீட்டில் இல்லை என்றால் ஏவல்களும் பாதியாகக் குறையும்.

இன்னொரு தவறு, ஓராண்டுக்குள் ஐந்து காரியம் வைத்துக்கொள்வது. உடம்பைச் சரிசெய்வது ஒன்று, அதோடு வேறு ஒன்று, அவ்வளவுதான் ஒரு வருடம் தாங்கும். அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள எடுத்த பிரேக் என்றால் அந்த இரண்டாவது இடமும் நிரம்பிவிட்டது. அப்போது சான்றிதழ் படிப்பை நம்பி இருக்காதீர்கள்.

இடையில் சின்னச் சின்ன வேலை எடுத்துச் செய்யலாமா?

ராஜினாமா செய்தவர் தாராளமாகச் செய்யலாம். சபாட்டிக்கல் விடுப்பில் இருப்பவர் கடிதத்தில் அனுமதி இருந்தால் மட்டும். தொழில்முறைக் கட்டணம் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 50,000 தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துத் தருவார்கள். சேவை வருமானம் 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பில்லும் வங்கி வரவும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பிறகு நேர்காணலில் அதுவே சான்று. வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டினால் அது பிரேக் இல்லை, சம்பளம் குறைந்த வேலை.

எப்போது வேலை தேடத் தொடங்குவது? இடைவெளியை எப்படிக் காட்டுவது?

ஓராண்டு என்றால் எட்டாம் மாதத்தில். பழைய சகாக்களைத் தொடர்புகொள்வதை மட்டும் இரண்டாம் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும், எதுவும் கேட்காமல். இருபது இருபத்தைந்து பேர், மாதம் மூன்று நான்கு அழைப்புகள். பத்தாம் மாதத்தில் திடீரென்று அழைத்தால் வேலை கேட்கத்தான் அழைக்கிறார் என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும்.

சுயவிவரத்தில் தேதிகளை இழுத்து இடைவெளியை மூடாதீர்கள். பி.எஃப். பணி வரலாற்றில் மாதம் மாதமாக எல்லாம் இருக்கிறது, சரிபார்ப்பு நிறுவனங்கள் அதைத்தான் முதலில் பார்க்கின்றன. "பணி இடைவெளி, 2025 அக்டோபர் முதல் 2026 செப்டம்பர் வரை" என்று மற்ற வேலைகளைப் போலவே ஒரு வரி, அதன் கீழே செய்தது ஒரு வரி. நேர்காணலில் முப்பது நொடிக்கு மேல் விளக்க வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் குரலும் வேண்டாம். உங்களிடம் ஒரு சாதகம் இருக்கிறது: மற்றவர்களுக்கு மூன்று மாத நோட்டீஸ், நீங்கள் அடுத்த திங்கட்கிழமையே சேரலாம். வேலைத் தளங்களில் இதை வைத்தே பலர் வடிகட்டுகிறார்கள், அந்தக் கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள்.

சம்பளம் பேசும்போது கடைசிச் சம்பளத்திலிருந்து தானாகக் கீழே இறங்காதீர்கள். பெண்களுக்கென்று திரும்புவோர் திட்டங்கள் சில குழுமங்களில் உண்டு, டாடா குழுமம் 2008இலேயே தொடங்கியது. அவை பெரும்பாலும் சில மாதத் திட்டப்பணி, நிரந்தர வேலைக்கு உறுதி கிடையாது. நேரடி வேலைக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள்.

கடைசி நாளுக்குள் கையில் வாங்க வேண்டியவை?

விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், இறுதிக் கணக்குத் தீர்வின் விவரத்தாள், குழுக் காப்பீட்டில் இருந்த ஆண்டுகளைக் காட்டும் சான்று, பங்கு ஒதுக்கீடு இருந்தால் அதை எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற எழுத்து. படிவம் 16 அடுத்த ஜூனில்தான் வரும், அதற்குச் சொந்த மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள். அலுவலக மடிக்கணினியில் சொந்த ஆவணங்கள் இருந்தால் ராஜினாமா கொடுக்கும் முன்பே எடுத்துவிடுங்கள், கொடுத்த அன்றே அணுகலை மூடும் நிறுவனங்கள் உண்டு.

பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அடுத்த நிறுவனத்துக்குக் கணக்கை மாற்ற முடியாது. நிறுவனம் பதியாவிட்டால் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினர் தளத்தில் நீங்களே பதியலாம். அதற்கான ஒருமுறைக் கடவுச்சொல் ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும். அந்த எண் அலுவலகம் கொடுத்த சிம் என்றால் வங்கி, பி.எஃப்., வருமான வரி எல்லாம் ஒரே நாளில் பூட்டிக்கொள்ளும். நோட்டீஸ் கொடுத்த வாரத்திலேயே அந்த எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் ஆதார் சேவை மையத்துக்குப் போய்ச் சொந்த எண்ணை இணைத்துவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுங்கள்.